படுக்கைக் கணக்கும் நடைக் கணக்கும்: பராமரிப்பு இல்லங்களை மதிப்பிட்ட வரலாறு

நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ தானே எழுந்து நடமாட இயலாமற்போன ஒருவரை நெடுநாள் வைத்துப் பேணும் இல்லத்தையும், அவர் இழந்த இயக்கத்தை மீட்டுத்தர முயலும் மறுவாழ்வு நிலையத்தையும் எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் கேள்வி, தேனி வட்டாரத்தில் மிக அண்மையில் எழுந்த ஒன்றாகவே தோன்றும். மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் தலைநகராட்சி, பழைய ஊரான அல்லிநகரத்தின் பெயரையும் அதனருகே சந்தையாலும் சாலைச் சந்திப்பாலும் வளர்ந்த தேனியின் பெயரையும் சேர்த்தே தாங்குகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நகராட்சியில் 94,453 பேர் இருந்தனர். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கச் சென்ற வீடுகளில், பக்கவாதத்தில் விழுந்த தந்தையை யார் புரட்டிப் படுக்க வைப்பது என்பதற்கு விடையாகவே கட்டணப் பராமரிப்பு இல்லங்கள் தோன்றின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவமும் சிறு அறுவையும் நடக்கும் தனியார் மருத்துவமனையையே குறிக்கும் என்பதால், இக்கட்டுரை நெடுநாள் பேணலுக்குரிய நிலையத்தைப் பராமரிப்பு இல்லம் என்றே வழங்குகிறது. இல்லங்கள் புதியவை, அவற்றை அளக்கும் வழக்கமோ தமிழகத்தில் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அளக்கப்பட்டது எது, அளக்கப்படாமல் விடப்பட்டது எது என்பதில்தான் அந்த வரலாற்றின் சிக்கல் அடங்கியிருக்கிறது.

சோழர் காலத்தில் ஆதுலர் சாலை என்பது நோயாளரைத் தங்கவைத்து மருந்தும் உணவும் அளித்த நிலையம். இராசராசனின் தமக்கை குந்தவை தஞ்சையில் தம் தந்தை சுந்தரசோழன் பெயரால் அமைந்த ஆதுலர் சாலைக்கு நிலம் அளித்ததைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஆயினும் ஒரு மருத்துவ நிலையத்தின் உள்ளமைப்பை வரிவரியாகக் காட்டும் ஆவணம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டே ஆகும். வேதம் பயிலும் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரிய ‘வீரசோழன்’ என்னும் அந்த மருத்துவமனையில் பதினைந்து படுக்கைகள் இருந்தன. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி என்று அளவு வகுக்கப்பட்டது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை என்னும் அறுவையைச் செய்பவருக்கு 30 கலமும் ஒதுக்கப்பட்டன. மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சுவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர் என ஆட்களின் எண்ணிக்கையும் அவரவர்க்குரிய ஊதியமும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய ஏறக்குறைய இருபது வகை மருந்துகளின் பெயர்களும், இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயும்கூட அதில் விடுபடவில்லை. நோயாளர் படுத்திருக்கும் இடத்தில் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரிந்தாக வேண்டும் என்று கல்லில் வெட்டிய ஒருவர், இரவில் தடுமாறி எழும் நோயாளியைக் கண்டிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த ஆவணத்தைப் பிற்காலத் தரக்கோட்பாடு ஒன்றோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியன், மருத்துவப் பேணலின் தரத்தை மூன்று வழிகளில் அறியலாம் என்று 1966இல் வகுத்துரைத்தார். கட்டடம், படுக்கை, ஆள், கருவி ஆகியவை அமைப்பு. அவற்றைக் கொண்டு நாள்தோறும் செய்யப்படும் பணி செயல்முறை. அப்பணியால் நோயாளிக்கு நேர்ந்தது விளைவு. இக்கண்கொண்டு நோக்கினால் திருமுக்கூடல் கல்வெட்டு அமைப்பை மிக நுட்பமாகவும் செயல்முறையை ஓரளவும் பதிவுசெய்து, விளைவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கொடையளிப்பவருக்கு வேண்டியது தாம் விட்ட நெல் உரிய வாயில் சேர்ந்ததா என்னும் கணக்கு. படுக்கையில் கிடந்தவர் எழுந்து போனாரா என்பது அறக்கட்டளையின் கணக்கில் இடம்பெற வேண்டிய தேவை இல்லை. இதைச் சோழர்களின் குறை என்று கருதுவது முறையாகாது, ஏனெனில் ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அரசுகளும் பெரும்பாலும் இதே கணக்கையே எழுதின.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாண மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகள் உள்நோயாளர், புறநோயாளர், இறப்பு, செலவு ஆகிய நான்கையும் முறையாக அச்சிட்டன. இறப்பு என்பது ஒரு விளைவுதான். ஆனால் முதுகெலும்பு முறிந்தவருக்கும் கை கால் விளங்காதவருக்கும் அது போதாத விளைவு, ஏனெனில் அவர்கள் மருத்துவமனையில் இறக்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்கள் கழித்து இறந்தனர். அந்த இறப்பு எந்த மருத்துவமனையின் ஏட்டிலும் ஏறவில்லை. செவிலியர் தொழிலுக்குப் பதிவும் பயிற்சி வரையறையும் 1926ஆம் ஆண்டுச் சென்னைச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் சட்டத்தால் வந்தன என்பது இக்காலத்தின் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

கம்பம் பள்ளத்தாக்கின் நோயாளர்க்கு நெடுங்காலம் பெரிய மருத்துவமனை என்றால் அது மதுரைதான். 1928இல் போடிநாயக்கனூர் வரை வந்த ரயிலும், பின்னர் பேருந்தும் அவர்களை அங்கே கொண்டுசேர்த்தன. கானாவிலக்கில் அரசு தேனி மருத்துவக் கல்லூரி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தொடங்கிய பிறகே அந்நிலை மாறியது. இந்நிலப்பகுதியின் தொழில்களே முதுகெலும்பு முறிவுக்கும் தலைக்காயத்துக்கும் வழிவகுப்பவை. தென்னையிலும் இலவ மரத்திலும் ஏறிக் காய் பறிப்போர் தவறி விழுவர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டுக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மலைவளைவுகளில் கவிழ்வதும் உண்டு. அடிபட்டவர் உயிர் பிழைத்து அறுவையும் முடிந்து வீடு திரும்பிய பின் தொடங்கும் நீண்ட காலத்துக்கு, எண்ணெய் தேய்த்து நீவுதல், வர்மம், கேரள எல்லைக்கு அப்பாலிருந்து வந்த உழிச்சல், பிழிச்சல் ஆகியவையே கிடைத்த மறுவாழ்வு. இவற்றுள் சில தசைக்கு இதமளித்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும் வித்தையையும், புண் வராமல் உடலைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தையும் எந்த எண்ணெயும் கற்றுத்தரவில்லை.

அந்த வித்தை தமிழகத்துக்கு வந்த வழி வேலூர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தினார்; நிமிர்ந்த விரலோடு ஊர் திரும்பியவருக்குப் பிழைக்கத் தொழில் இல்லை என்பதைக் கண்டு, நவஜீவ நிலையம் என்னும் பயிற்சிக் குடியிருப்பைத் தொடங்கினார். அறுவையின் வெற்றியை, விரலின் கோணத்தைவிட அந்த விரல் செய்யும் வேலையைக் கொண்டு அறியும் பார்வை தமிழ் மண்ணில் அழுத்தமாக வேரூன்றியது இங்கேதான் எனலாம். அவருடைய குழுவில் இடம்பெற்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்த அவர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்திலும் பயின்று திரும்பி, உடலியக்க மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மருத்துவர் தாமே நோயாளியாக இருந்ததன் பயன் அந்நிலையத்தின் நடைமுறையில் தெரிந்தது. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கிப் பேணலைக் கற்றுக்கொள்வது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. வீடு திரும்பியவர்கள் ஆண்டுக்கொருமுறை மீண்டும் கூடும் மேளா, விளையாட்டும் பாட்டும் நிறைந்த விழாவாக இருப்பதோடு, தோலில் புண் உண்டா, சிறுநீரகம் நலமா, பிழைப்பு நடக்கிறதா என்று சோதிக்கும் நாளாகவும் அமைகிறது. நிலையத்தின் தரத்தை அதன் வாசலுக்கு வெளியே, பல மாதங்கள் கழித்து, அங்கிருந்து சென்றவரின் உடலில் படித்தறியும் இம்முறைக்கு நிகராகத் தமிழ்நாட்டில் வேறொன்றைக் காட்டுவது எளிதன்று.

விளைவை எண்ணாக்கும் அளவுகோல்களும் ஏறத்தாழ இதே காலத்தில் உலகில் உருவாயின. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முதுகெலும்பு முறிந்தோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கி, ஓயாமல் புரட்டிப் படுக்கவைப்பதாலேயே புண்ணையும் இறப்பையும் குறைக்க முடியும் என்று காட்டினார். படுக்கைப் புண் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் அளவுகோலை டோரீன் நார்ட்டன் 1962இல் வகுத்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஃப்ளோரன்ஸ் மகோனி என்னும் மருத்துவரும் டோரதியா பார்தெல் என்னும் இயன்முறைச் சிகிச்சையாளரும் 1965இல் வெளியிட்ட பார்தெல் குறியீடு, உண்பது, குளிப்பது, உடுப்பது, மலசலம் அடக்குவது, கழிப்பறை செல்வது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது முதலான பத்துச் செயல்களுக்கு மதிப்பெண் இட்டு நூற்றுக்குக் கணக்கிடுவது. இயன்முறைச் சிகிச்சை என்பது, பயிற்சியாலும் கருவியாலும் உடலியக்கத்தை மீட்கும் சிகிச்சை. ஒருவர் நிலையத்தில் சேரும் நாளிலும் வெளியேறும் நாளிலும் இம்மதிப்பெண்ணைக் குறித்துவைத்தால், நடுவில் அந்நிலையம் செய்தது என்ன என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் இக்குறியீடு நாற்காலியில் அமர்ந்துண்ணும், மேற்கத்தியக் கழிப்பறை உடைய வீட்டுக்காக வகுக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. சம்மணமிட்டுத் தரையில் அமர்வது, கையூன்றித் தரையிலிருந்து எழுவது, குந்தி உட்காருவது ஆகிய மூன்றும் அதன் பத்துச் செயல்களுள் இல்லை. அல்லிநகரத்துப் பழைய தெருக்களில் வாழும் ஒரு கிழவிக்கோ இம்மூன்றும் இயலாவிடில் வீட்டில் உண்பதும் உறங்குவதும் கழிப்பதும் பிறர் கையில்தான். எண்பது மதிப்பெண் பெற்று வெளியேறியவர் வீட்டு வாசற்படியிலேயே தடுமாறுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். கடன்வாங்கிய அளவுகோலைத் திருத்தாமல் பயன்படுத்தும் நிலையங்கள் தம்மைத் தாமே நன்றாக மதிப்பிட்டுக்கொள்கின்றன என்பதே அதன் பொருள்.

வேலூருக்கு வெளியே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே எழுந்த இன்னொரு முயற்சி, இன்று தென்காசி மாவட்டத்திலுள்ள ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் தவறி விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் சொந்த ஊரில் இச்சங்கத்தை நிறுவினார். சிறுவர் பள்ளியாகத் தொடங்கியது, பின்னர் கருவி செய்யும் பட்டறையும் முதுகெலும்பு முறிந்தோர்க்கான மறுவாழ்வுப் பிரிவும் சிற்றூர்களுக்கே சென்று பணிபுரியும் அமைப்பும் உடையதாக விரிந்தது. பேணப்படுபவரே நிலையத்தை நடத்துபவராகவும் அமைந்தமையால், கழிப்பறைக் கதவின் அகலமும் சாய்தளத்தின் சரிவும் அங்கே ஆய்வாளர் வந்து கண்டுபிடிக்க வேண்டியவையாக இருக்கவில்லை.

அரசின் சட்டம் இவ்வழியில் வரவில்லை. அது பெரும்பாலும் கேடு நேர்ந்த பின்னரே வந்தது. பம்பாய் மாகாணம் 1949இலேயே தனியார் மருத்துவ இல்லங்களைப் பதிவுசெய்யச் சட்டமியற்ற, தமிழ்நாடு 1997இல்தான் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது; அதற்கான விதிகள் வெளிவர 2018 ஆயிற்று. இருபத்தோராண்டு விதியின்றிக் கிடந்த ஒரு சட்டத்தை வேறு துறையில் காண்பது அரிது. இடையில், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு கூரைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அத்தகைய இல்லங்களுக்கு உரிமம் தேவை என்று கூறியிருந்தும், உரிமம் கேட்டு யாரும் வரவில்லை. யாரும் சென்று கேட்கவும் இல்லை. ஒரு வாரத்துக்குள் அவ்வூரின் இல்லங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு மனநோயாளருக்கான மறுவாழ்வு மையங்களைப் பதிவுசெய்யும் விதிகள் பிறந்தன.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது; மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்றாக, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களைப் படிப்படியாக அமைக்க அதன் 19ஆம் பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. இங்கும் தரம் என்பது முதலில் தலைக்கணக்காகவே நுழைகிறது. 2018இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லத்தைப் பற்றிக் கடும் புகார்கள் எழுந்து, அங்கிருந்த முதியோரை மாவட்ட நிருவாகம் வேறிடங்களுக்கு மாற்ற நேர்ந்தது. பதினைந்து படுக்கைக்கும் ஒரு விளக்குக்கும் கல்லில் விதி எழுதிய திருமுக்கூடலும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்று தேனியில் மருத்துவ நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்ய விரும்புவோர் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுகுகின்றனர். அங்கே கேட்கப்படுவன இடம், ஆள், கருவி, கழிவகற்றல், பதிவேடு ஆகியவை. தீயணைப்பு வழியும் தகுதியுள்ள செவிலியரும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வாய்வு அமைப்பின் ஆய்வே. அதில் தேறிய இல்லத்தில் நோயாளிக்குப் படுக்கைப் புண் வரலாம், தேறாத இல்லத்தில் வராமலும் இருக்கலாம்.

செல்வம் மிகுந்த நாடுகளும் இதைக் கடந்துவிடவில்லை. அமெரிக்கா 1987இல் இயற்றிய சீர்திருத்தச் சட்டம், முதியோரைக் கட்டிவைப்பதைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொருவரின் செயல்திறனையும் குறித்துவைக்கக் கட்டளையிட்டது. 2008இன் இறுதியில் இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு வந்தது. ஆள் எண்ணிக்கையை இல்லங்களே எழுதிக் கொடுத்த காலத்தில் நட்சத்திரங்கள் எளிதில் கூடின என்பதால், 2016 முதல் சம்பளப் பட்டியலைக் கொண்டு சரிபார்க்கும் முறை புகுத்தப்பட்டது.

தேனி வட்டாரக் குடும்பங்கள் எழுதப்படாத வேறோர் ஆய்வை நடத்திவந்திருக்கின்றன. முன்னறிவிப்பின்றிச் சாப்பாட்டு வேளையில் சென்று நிற்பது, உள்ளே நுழைந்தவுடன் மூத்திர வாடை அடிக்கிறதா என்று கவனிப்பது, போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பெலும்பின் பின்புறத்தையும் பார்ப்பது, இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று சமையற்காரரிடம் விசாரிப்பது ஆகியவை அதன் கூறுகள். அறிவியல் சொல்லில் கூறினால் இது செயல்முறையையும் விளைவையும் நேரடியாகச் சோதிப்பது. அரசின் ஆய்வைவிட இது நோயாளிக்கு நெருக்கமானது. இதன் குறை, பார்க்க வருபவர் இல்லாதவருக்கு இது கிடையாது என்பது. அலுவலர் ஆய்வு ஆதரவற்றவருக்காகவே தேவைப்படுகிறது. அந்த ஆய்வேட்டிலோ குதிகாலைப் பார்ப்பதற்கு ஓர் இடம் இல்லை. சில இல்லங்கள் பயிற்சி பெற்ற செவிலியருக்கும் உதவியாளருக்கும் ஒரே சீருடை அணிவித்து வேறுபாட்டை மறைப்பதும், நீவிவிடுவதை இயன்முறைச் சிகிச்சை என்று கட்டணச் சீட்டில் எழுதுவதும் குடும்பங்களின் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடுகின்றன.

விளைவை எழுதிவைப்பது இவ்வட்டாரத்துக்குப் பழக்கமற்ற செயலும் அன்று. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கையோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1985இல் தேனியில் கிளை திறந்தது. அறுவைக்குப் பின் நேரும் சிக்கல்களைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்வது அந்நிறுவனத்தின் அறியப்பட்ட வழக்கம். கண்புரையில் விளைவு சில வாரங்களில் தெரிந்துவிடும். பக்கவாதத்தில் அது மாதங்கள் கழித்து, நிலையத்துக்குத் தொலைவில், நோயாளியின் வீட்டுக்குள் நிகழ்கிறது. அவ்வீட்டுக்குள் அரசின் சார்பில் முறையாகக் காலடி வைத்தது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறைச் சிகிச்சையாளரும் வலிநிவாரணப் பேணலுக்கான செவிலியருமே. எந்த இல்லத்திலிருந்து திரும்பியவர் எழுந்து நடக்கிறார், எவர் புண்ணோடு வந்தார் என்பதை மாவட்டம் முழுவதும் நேரில் காணும் வாய்ப்பு வரலாற்றில் முதன்முறையாக அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அத்திட்டத்தின் வெளியிடப்படும் புள்ளிவிவரங்கள் இயன்முறைச் சிகிச்சை பெற்றவர் இத்தனை பேர், வலிநிவாரணப் பேணல் பெற்றவர் இத்தனை பேர் என்று தலைகளை எண்ணுகின்றன. அவர்களுள் எத்தனை பேர் இப்போது துணையின்றிக் கழிப்பறை செல்கிறார்கள் என்பதற்கு அவற்றில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கப்படவில்லை.